நிறமிகளும் ஒளியும்: நவீன ஓவியங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியர்களும், படம் வாங்கி வைத்திருப்பவர்களும், அருங்காட்சியகங்களில் பாதுகாப்பு வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ‘நவீன’ என்று இங்கே சொல்வது ஏறத்தாழ 1880க்குப் பிந்தைய படங்களை. நிலக்கரித் தாரிலிருந்து செய்த செயற்கை நிறங்கள் ஓவியரின் கைக்கு வந்து சேர்ந்த காலம் அது. பார்வைக்கு அழகான நிறங்களும், பத்தே ஆண்டில் காணாமல் போகும் நிறங்களும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்ததும் அப்போதுதான்.

குழாயில் போட்டிருக்கும் நிறப் பெயரை வைத்து அது மங்குமா மங்காதா என்று சொல்ல முடியுமா?

முடியாது. அது விற்பனைப் பெயர். ‘கிரிம்சன்’ என்று எழுதிய இரண்டு குழாய்களில் ஒன்றுக்குள் அலிசரின் லேக் இருக்கும், மற்றதில் குவினாக்ரிடோன் இருக்கும். வெயிலில் வைத்தால் முதலாவது வெளிறும், இரண்டாவது அசையாது. ‘ஹியூ’ என்ற சொல் சேர்ந்திருந்தால், பெயரில் உள்ள நிறமி உள்ளே இல்லை, அதைப் போலத் தெரியும் வேறொன்று இருக்கிறது என்று பொருள். அது மட்டமானதாகத்தான் இருக்கும் என்றில்லை. சில சமயம் மூல நிறமியைவிட நன்றாகவே தாங்கும்.

பார்க்க வேண்டியது குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள நிறமிக் குறியீடு. பிஆர் 83, பிபி 15:3, பிஒய் 74, பிவி 19 என்று இருக்கும். முதல் ‘பி’ நிறமி என்பதைக் காட்டுகிறது. அடுத்த எழுத்து நிறத்தைச் சொல்லும்: ஆர் சிவப்பு, ஒய் மஞ்சள், வி ஊதா, ஜி பச்சை, மறுபடியும் பி வந்தால் நீலம். எண்தான் வேதிப்பொருள். குறியீடே போடாத குழாயை விற்பனைக்குப் போகும் படத்தில் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: பளீரென்ற இளஞ்சிவப்புகளில் குறியீடு இரண்டாக இருக்கும். பிஆர் 122 உடன் ‘பிவி’க்குப் பதிலாகப் ‘பேசிக் வயலட்’ என்று தொடங்கும் ஒன்றும் சேர்ந்திருக்கும். அது ரோடமின் வகைச் சாயம். அந்தப் பளபளப்பு முழுக்க அதிலிருந்துதான் வருகிறது, முதலில் போவதும் அதுதான். மிஞ்சுவது சாதாரண மெஜந்தா.

நிறமி, சாயம், லேக் மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

சாயம் கரையும், நிறமி கரையாது. கரையும் சாயத்தை அலுமினியம், கால்சியம் போன்றவற்றின் உப்போடு பிடித்துக் கரையாத தூளாக்கினால் அது லேக். லேக்கின் உள்ளே இருப்பது சாயம்தான் என்பதால், ஒளி விஷயத்தில் அதன் குணம் பெரும்பாலும் சாயத்தின் குணம்.

ஒளி பட்டால் நிறம் ஏன் போகிறது?

கரிம நிறமியின் மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் ஒரு தொடர் இருக்கிறது. அது ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது, மிச்சம் நம் கண்ணுக்கு நிறமாக வருகிறது. விழுங்கிய ஆற்றல் ஏறக்குறைய எப்போதும் வெப்பமாகப் போய்விடும். அரிதாக, அந்த ஆற்றல் பெற்ற மூலக்கூறு பக்கத்திலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தொடர் அறுந்துவிடும். அறுந்த மூலக்கூறுக்கு நிறம் இல்லை. இது திரும்பாத வினை.

புற ஊதா மட்டுமே காரணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. நன்றாகத் தாங்கும் நிறமிகளை உடைக்கப் புற ஊதாவின் ஆற்றல் தேவைப்படும். எளிதில் போகும் இயோசின், ரோடமின் போன்றவற்றுக்கு அறை விளக்கின் பச்சை ஒளியே போதும். அதனால் ‘எல்இடி விளக்கில் புற ஊதா இல்லை, கவலையில்லை’ என்று சொல்வது தவறு.

எல்லாமே மங்கல் வகையும் அல்ல. வான்கோ பயன்படுத்திய குரோம் மஞ்சள் பழுப்பாகிறது: அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிடுகிறது. கந்தகம் அதிகம் சேர்ந்த இளமஞ்சள் வகைகளில் இது வேகமாக நடக்கும் என்பதை 2011 முதல் வெளிவந்த சிங்க்ரோட்ரான் (துகள் முடுக்கியில் பிறக்கும் வலுவான எக்ஸ்-கதிர்) ஆய்வுகள் காட்டின.

அதே நிறமி, ஆனால் கெட்டியாகப் பூசிய இடம் நன்றாக இருக்கிறது, வெள்ளை கலந்த இடம் மட்டும் போய்விட்டது. ஏன்?

எதிர்பார்க்க வேண்டியதுதான். கெட்டியான பூச்சில் மேலே உள்ள துகள் அழிந்தாலும் கீழே உள்ளது நிறத்தைக் காட்டும். மேலடுக்கே கீழடுக்குக்கு நிழலாகவும் இருக்கும். வெள்ளை கலந்தால் நிறமி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்காகக் குறைந்துவிடும், ஒளியும் வெள்ளைத் துகள்களுக்கிடையே சிதறிச் சிதறி அதே நிறமியை மறுபடி மறுபடி தாக்கும். நீர்வண்ணத்தில் மெல்லிய கழுவல் பூச்சுக்கும் இதே கதி. பிஆர் 83, அதாவது அலிசரின் லேக், ஒளி தாங்கும் தரத்தில் எண்ணெய்வண்ணத்தில் மூன்றாம் வகுப்பிலும் நீர்வண்ணத்தில் அதற்கும் கீழேயும் வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

‘முதல் வகுப்பு’, ‘இரண்டாம் வகுப்பு’ என்பவை எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன?

ஓவிய வண்ணங்களுக்கான சோதனை முறை, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி4303. வண்ணத்தை வெள்ளையுடன் கலந்து, அது அதிகம் உறிஞ்சும் அலைநீளத்தில் 40% ஒளியைத் திருப்பும் அளவுக்கு வெளிறச் செய்கிறார்கள். எல்லா நிறங்களும் ஒரே ஆழத்தில் போட்டியிட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பிறகு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலிலோ, செனான் விளக்குப் பெட்டியிலோ, குறிப்பிட்ட மொத்த ஆற்றல் சேரும் வரை வைக்கிறார்கள். முன்னும் பின்னும் நிறத்தை அளந்து, இரண்டு அளவுகளுக்கும் இடையிலான தூரத்தை ‘டெல்டா ஈ’ என்ற ஒற்றை எண்ணாகக் கணக்கிடுகிறார்கள்.

டெல்டா ஈ 4 வரை முதல் வகுப்பு, 8 வரை இரண்டாம் வகுப்பு, 16 வரை மூன்று, 24 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. நிரந்தரப் படத்துக்கு முதல் இரண்டு வகுப்புகளே போதுமானவை. இரண்டு துண்டுகளை ஒட்டி வைத்துப் பார்த்தால் பழகிய கண்ணுக்கு 1 அல்லது 2 வேறுபாடே தெரியும். அப்படியானால் 8 என்பது நன்றாகவே தெரியும் மாற்றம். இரண்டாம் வகுப்பைக் குறிக்கும் ‘மிக நல்லது’ என்ற சொல்லைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நீலக் கம்பளி அளவுகோல் என்பது என்ன? எத்தனை ஆண்டு தாங்கும் என்று அது சொல்லுமா?

எட்டு வெவ்வேறு நீலச் சாயங்கள் ஏற்றிய கம்பளித் துண்டுகள். 1ஆம் எண் மிக விரைவில் மங்கும், 8ஆம் எண் மிக மெதுவாக. சோதிக்கும் நிறத்தோடு சேர்த்து இவற்றையும் அதே ஒளியில் வைத்து, எந்த எண்ணோடு சேர்ந்து மங்குகிறது என்று பார்ப்பார்கள்.

ஆண்டுக் கணக்கை அது நேராகச் சொல்லாது. ஒளியின் அளவைச் சொல்லும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் 2004 வழிகாட்டிப்படி, கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் முதல் மாற்றத்துக்கு, புற ஊதா வடிகட்டிய ஒளியில் 1ஆம் எண்ணுக்கு 3 லட்சம் லக்ஸ்-மணி (படும் வெளிச்சத்தின் அளவான லக்ஸை மணிக் கணக்கால் பெருக்கியது), 2க்கு 10 லட்சம், 3க்கு 30 லட்சம், 4க்கு 1 கோடி, 5க்கு 3 கோடி, 6க்கு 10 கோடி தேவை. கண்ணாடி வழியே வரும் பகல் ஒளியில், புற ஊதாவும் சேர்ந்திருப்பதால், இவை முறையே 2.2 லட்சம், 6 லட்சம், 15 லட்சம், 35 லட்சம், 80 லட்சம், 2 கோடி என்று சுருங்கிவிடும். தாங்கும் நிறங்களில்தான் சுருக்கம் அதிகம் என்பதைக் கவனியுங்கள்: 1ஆம் எண்ணில் வடிகட்டியால் பெரிய லாபம் இல்லை, 6ஆம் எண்ணில் ஐந்து மடங்கு.

இனி கணக்கு போடலாம். அருங்காட்சியகத்தில் 50 லக்ஸ், நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1.2 லட்சம் லக்ஸ்-மணி. 1ஆம் எண் வகை நிறம் இரண்டரை ஆண்டில் மாறத் தொடங்கும், 3ஆம் எண் வகை 25 ஆண்டில். வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் 1000 லக்ஸ் விழுந்தால், 8 மணி, 365 நாள்: ஆண்டுக்கு 29 லட்சம். 3ஆம் எண் நிறத்துக்கு அது ஆறு மாதக் கணக்கு. கைபேசியிலுள்ள லக்ஸ் மானி துல்லியமானதல்ல. ஆனாலும் 50க்கும் 1000க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டிவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

300 கிராம் பருத்திக் காகிதத்தில் ஒவ்வொரு நிறத்தையும் கெட்டியாக, நடுத்தரமாக, மிக மெல்லியதாக மூன்று பட்டைகள் பூசுங்கள். எண்ணெய் அல்லது அக்ரிலிக் என்றால் மூன்றாவது பட்டை பத்துக்கு ஒரு பங்கு நிறம், மீதி டைட்டானியம் வெள்ளை. நன்றாகக் காய்ந்ததும் காகிதத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை உறையில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள். மறுபாதியை ஜன்னலில் வையுங்கள். அதிலும் ஒரு விளிம்பை அலுமினியத் தாள் சுற்றிய அட்டையால் மூடுங்கள். கறுப்புக் காகிதம் ஒளியைக் கொஞ்சம் விடும், சூட்டையும் கூட்டும். பக்கத்தில் நீலக் கம்பளி அட்டை ஒன்றையும் அதே மாதிரி பாதி மூடி வையுங்கள். அந்த அட்டை இல்லாமல் செய்யும் சோதனை, ‘மூன்று மாதத்தில் மங்கியது’ என்பதைத் தாண்டி எதையும் சொல்லாது. எந்த ஊர், எந்த மாதம் என்பது தெரியாதவருக்கு அந்த மூன்று மாதத்துக்குப் பொருளே இல்லை.

வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் தெற்கு ஜன்னல் என்று எழுதியிருக்கும். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அதே நிலை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை தெற்கு ஜன்னல் நல்லது, மற்ற மாதங்களில் மேற்கு அல்லது கிழக்கு.

வழக்கமாக நேரும் தவறுகள் சில. பட்டையைக் கண்ணாடியோடு ஒட்டிவிடுவார்கள். வெயில் பட்ட கண்ணாடியின் சூடு வண்ணத்தை இளக்கும், மழைக் காலத்தில் கண்ணாடியில் நீர் படியும். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மங்கியதைக் காட்ட முதல் மாதம் ஒரு படம், ஆறாம் மாதம் ஒரு படம் என்று கைபேசியில் எடுத்து ஒப்பிடுவார்கள். கைபேசி தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்வதால் அந்த ஒப்பீடு செல்லாது. அலமாரியில் வைத்த பாதியை எடுத்து ஜன்னல் பாதியோடு ஒட்டி வைத்து, இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். எண்ணெய்வண்ணத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: இருட்டில் வைத்த ஆளிவிதை எண்ணெய் தானாகவே மஞ்சளடிக்கும். ஒப்பிடுவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பாதியை மறைமுக வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் தணியும்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை பாருங்கள். எளிதில் போகும் நிறங்கள் அந்த நான்கு வாரத்திலேயே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். நீலக் கம்பளி 6 மாறத் தொடங்கும் வரை எதுவும் ஆகாத நிறத்தைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

ஒரு படத்தில் என்ன நிறமி இருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியில் தொடங்க வேண்டும்?

எக்ஸ்-கதிர் ஒளிர்வு மானியில், அதாவது எக்ஸ்ஆர்எஃப்பில். படத்தைத் தொடாமலேயே, ஓரிரு நிமிடத்தில் அந்த இடத்திலுள்ள தனிமங்களைச் சொல்லிவிடும். காட்மியத்தோடு செலினியம் வந்தால் காட்மியம் சிவப்பு. கோபால்ட், குரோமியம், துத்தநாகம், ஈயம் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

அதன் குருட்டுப் புள்ளியைத் தெரிந்துகொள்ளாமல் முடிவு எழுதக்கூடாது. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் இவற்றை அது பார்ப்பதே இல்லை. மங்கும் நிறமிகளோ பெரும்பாலும் இவற்றால் ஆனவை. ஒரு சிவப்பில் வெறும் டைட்டானியமும் கால்சியமும் மட்டும் வந்தால், ‘சிவப்பு நிறமி கரிம வகை, இந்தக் கருவியால் பெயர் சொல்ல முடியாது’ என்பதுதான் சரியான அறிக்கை.

இன்னொரு பொறி, பேரியத்துக்கும் டைட்டானியத்துக்கும் இடையில். பேரியத்தின் எல்-ஆல்ஃபா கோடு 4.47 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், டைட்டானியத்தின் கே-ஆல்ஃபா 4.51இல். கையடக்கக் கருவியால் இவற்றைப் பிரிக்க முடியாது. வண்ணத்தின் அளவைக் கூட்டச் சேர்க்கும் பேரியம் சல்ஃபேட் நிரப்பியைப் பார்த்து டைட்டானியம் வெள்ளை என்று எழுதிவிட்டால், அந்தப் படத்தின் காலத்தையே 1920க்குப் பின் தள்ளிவிடுவோம். குழாயின் மின்னழுத்தம் 50 கிலோ வோல்ட் வரை போனால், 32 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் பேரியத்தின் கே-கோடு வருகிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். எக்ஸ்-கதிர் எல்லா அடுக்குகளையும் ஊடுருவும் என்பதையும் மறக்கக்கூடாது: அடியில் பூசிய தளப்பூச்சின் தனிமங்களும் அதே வரைபடத்தில் வந்து நிற்கும்.

கரிம நிறமிகளை அப்படியானால் எதனால் கண்டுபிடிப்பது?

முதல் தேர்வு ராமன் நிறமாலை. லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் அலை எண் மாற்றங்களைப் படிக்கும் முறை. அசோ, தாலோசயனின், குவினாக்ரிடோன் எல்லாம் கூர்மையான முகடுகள் தரும். பிபி 15, அதாவது தாலோசயனின் நீலம், என்றால் 680, 747, 1340, 1450, 1527 என்ற வரிசையை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். வெள்ளையில் 144இல் பலமான முகடு வந்தால் அனடேஸ், 447உம் 612உம் வந்தால் ரூட்டைல். இரண்டுமே டைட்டானியம் டை ஆக்சைடுதான். ஆனால் அனடேஸ் ஒளி பட்டால் சுற்றியுள்ள பிணைப்பியையும் (நிறமித் துகள்களை ஒட்டிப் பிடிக்கும் எண்ணெய், அக்ரிலிக் போன்றவை) கரிம நிறமியையும் தானே அரிக்கும், மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள்போல உதிரும். எக்ஸ்ஆர்எஃப்புக்கு இரண்டும் ஒன்றே.

ராமனில் கெடுவது இரண்டு காரணத்தால். பழைய வார்னிஷும் பிணைப்பியும் தாமே ஒளிர்ந்து முகடுகளை மூழ்கடித்துவிடும். 532 நானோமீட்டர் லேசரில் அப்படி ஆனால் 785க்கு மாறுங்கள். இரண்டாவது, எரித்துவிடுவது. அடர்ந்த நிறத்துகள் லேசரை விழுங்கிச் சூடேறும். 1350, 1590 பக்கம் இரண்டு அகன்ற மேடுகள் திடீரென வந்தால் அது நிறமி அல்ல, நீங்கள் இப்போதுதான் உண்டாக்கிய கரி. மாதிரியில் விழும் திறனை 1 மில்லிவாட்டுக்குக் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் நுண்ணோக்கியில் புள்ளியைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அகச்சிவப்பு நிறமாலை பிணைப்பியைக் கண்டுபிடிக்க நல்லது: அக்ரிலிக்கா, அல்கைடா, எண்ணெயா என்று சொல்லிவிடும். பிரஷ்யன் நீலத்தை 2090 பக்கம் வரும் சயனைடு முகட்டை வைத்து உடனே பிடிக்கலாம், அந்தப் பகுதியில் வேறு எதுவும் குறுக்கிடாது. ஆனால் அக்ரிலிக் வண்ணத்தில் வீரியமான கரிம நிறமி மிகக் குறைந்த பங்கே இருக்கும். சுண்ணாம்பு நிரப்பியும் பிணைப்பியும் அதை மறைத்துவிடும். அப்போது சூட்டில் சிதைத்து நிறைமானியில் பார்க்கும் பை-ஜிசி-எம்எஸ் முறைக்குப் போக வேண்டும். அதற்கு மாதிரி எடுத்தாக வேண்டும், மாதிரி திரும்ப வராது.

லேக்குகளுக்கு மேலும் நுண்ணிய வழி எஸ்இஆர்எஸ்: வெள்ளி நுண்துகள் கலவையில் ஒரு சொட்டு வைத்து ராமன் சமிக்ஞையைப் பெருக்குவது. கண்ணுக்கே தெரியாத துணுக்கும் போதும்.

மாதிரி எடுப்பதால் படம் கெட்டுவிடாதா?

எடுக்கும் துணுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, முற்றுப்புள்ளியைவிடச் சிறியது. நுண்ணோக்கியின் கீழ், புது அறுவைக் கத்தி முனையால், ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்தின் ஓரத்திலோ சட்டத்துக்குள் மறையும் விளிம்பிலோ எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை, எடுக்கும் முன்னும் பின்னும், அளவுகோலுடன் படம் பிடித்து வையுங்கள். விளிம்பில் எடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது: அங்கே ஒளி படவில்லை, அதனால் நிறமி கெடாமல் இருக்கும். ‘இப்போது என்ன இருக்கிறது’ என்பது கேள்வியானால் விளிம்பு பொய் சொல்லும். ‘முதலில் என்ன இருந்தது’ என்பதானால் விளிம்பைவிட நல்ல சாட்சி இல்லை.

சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள ரெனுவாரின் ‘மதாம் லியோன் கிளாப்பிசோன்’ படத்தை, 1883இல் வரைந்தது, சட்டத்திலிருந்து கழற்றியபோது நடந்தது இதுதான். பின்னணி குளிர்ந்த நீலச் சாம்பல் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் உதடு மறைத்திருந்த சில மில்லிமீட்டர் பட்டையில் மட்டும் கொழுந்துவிட்ட சிவப்பு அப்படியே இருந்தது. எஸ்இஆர்எஸ் மூலம் அது கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் லேக் என்று தெரிந்தது. அந்த ஒரு பட்டையை வைத்துத்தான் பின்னணி முழுவதும் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் கட்டியெழுப்பினார்கள்.

மைக்ரோஃபேடிங் என்றால் படத்தையே மங்க வைத்துச் சோதிப்பதா?

ஆம், அரை மில்லிமீட்டர் அளவுக்கும் குறைவான ஒரு புள்ளியில். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பால் விட்மோர் குழு 1999இல் வெளியிட்ட முறை இது. புற ஊதாவை வடிகட்டிய செனான் ஒளியைப் பல லட்சம் லக்ஸ் அளவுக்குக் குவித்து, சில நிமிடங்களுக்கு அந்தப் புள்ளியின் நிறத்தை விடாமல் அளப்பார்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவை எட்டும் முன்பே விளக்கு தானாக அணையும்படி எல்லை வைப்பது கட்டாயம். அதே நாளில் நீலக் கம்பளி 1, 2, 3ஐயும் அளந்து, படத்தின் நிறம் எந்த எண்ணுக்கு அருகில் வருகிறது என்று பார்ப்பார்கள்.

இதன் பெரிய நன்மை, நிறமியின் பெயர் தெரியாமலேயே அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடுவது. குறையும் உண்டு. பல லட்சம் லக்ஸில் பத்து நிமிடமும், 50 லக்ஸில் பல ஆண்டும் ஒரே விளைவைத் தரும் என்ற அனுமானம் எல்லா நிறமிக்கும் பொருந்தாது. அதனால் முடிவை ‘3ஆம் எண்ணைவிட மோசம்’ என்ற வகையில் எழுதுங்கள். ‘17 ஆண்டு தாங்கும்’ என்று எழுதாதீர்கள்.

நல்ல கைதேர்ந்த ஓவியரின் படமே மங்கிய உதாரணம் உண்டா?

மார்க் ராத்கோ ஹார்வர்டுக்கு வரைந்த சுவரோவியங்கள். ஐந்து பெரிய கேன்வாஸ்கள், 1964இல் ஹோலியோக் சென்டர் கட்டடத்தின் மேல்தள உணவறையில் மாட்டப்பட்டன. அந்த அறையில் பெரிய ஜன்னல்கள். திரை போட்டு வைப்பதாகப் பேச்சு, ஆனால் வெளிக்காட்சி அழகாக இருந்ததால் திரை திறந்தே இருந்தது. அடர்ந்த கிரிம்சனாக இருந்த பரப்புகள் வெளிறி நீலம் பாய்ந்தன. 1979இல் இறக்கிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள்.

ஆய்வில் வெளிவந்தது: ராத்கோ தானே தூள் நிறமியை முட்டை, விலங்குப் பசை முதலியவற்றோடு கலந்திருக்கிறார். சிவப்பு, லித்தால் ரெட். நீலம், அல்ட்ராமரீன். சிவப்பு போனது, நீலம் நின்றது, அதனால்தான் நீலம் பாய்ந்த தோற்றம். லித்தால் ரெட் அச்சு மைக்கும் பெயின்ட்டுக்கும் செய்த மலிவு நிறமி. சோடியம், பேரியம், கால்சியம் என்று அதற்குப் பல உப்புகள், பிஆர் 49 என்ற எண்ணிலும், அதன் பின்னால் முக்காற்புள்ளி போட்டும் வருபவை. கடையில் வாங்கியவருக்கு எல்லாமே ஒரே சிவப்புத் தூள். எக்ஸ்ஆர்எஃப்பில் பேரியமோ கால்சியமோ வந்தாலும் அது நிரப்பியிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால், எக்ஸ்ஆர்எஃப்பை மட்டும் வைத்து எந்த உப்பு என்று தீர்மானிக்க முடியாது. ஒளி விழுந்த விதம் சுவருக்குச் சுவர் வேறு என்பதால் ஐந்தும் ஒரே அளவில் மங்கவுமில்லை.

பூச்சு வார்னிஷ் இல்லாத மென்மையான மேற்பரப்பு. மேலே தொட்டு நிறம் பூசினால் அது ராத்கோவின் படமாக இருக்காது. அதனால் 2014இல் ஹார்வர்டு கலை அருங்காட்சியகம் வண்ணத்துக்குப் பதில் ஒளியைப் பூசியது. 1964இல் எக்டாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த படங்களும் காலத்தில் நிறம் மாறியிருந்தன, அவற்றை முதலில் கணினியில் சீர் செய்தார்கள். மாட்டப்படாமல் மங்காமல் இருந்த ஆறாவது கேன்வாஸை வைத்து அதைச் சரிபார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நிறம் குறைகிறது என்று கணக்கிட்டு, அந்தக் குறையை மட்டும் ப்ரொஜெக்டரால் கேன்வாஸ் மேல் பாய்ச்சினார்கள். அந்தக் கண்காட்சியில் தினமும் மாலை 4 மணிக்கு ப்ரொஜெக்டரை அணைத்தார்கள். சிவப்பு வடிந்து உண்மையான பரப்பு வெளியே வருவதைப் பார்வையாளர் நேரிலேயே காண முடிந்தது. மங்கிய நிறத்தை மீட்க முடியுமா என்ற கேள்விக்கு இன்றுவரை கிடைத்த மிக நேர்மையான விடை இது என்று நினைக்கிறோம்.

காட்மியம் மஞ்சள் என்றால் பயமில்லைதானே?

இன்று நல்ல கம்பெனிகள் செய்வது நிலையானதுதான். 1900ஐ ஒட்டிய காலத்துக் காட்மியம் மஞ்சள் அப்படியல்ல. சுத்தம் குறைவு, துகள் மிகப் பொடி. பார்ன்ஸ் அறக்கட்டளையில் உள்ள மத்தீஸின் 1905-06 ‘வாழ்வின் மகிழ்ச்சி’ படத்தில் மஞ்சள் வெளிறித் தந்த நிறமாகியிருக்கிறது. ஆஸ்லோவின் முங்க் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ 1910இல் வரைந்த ‘அலறல்’ படத்திலும் வானத்திலும் கழுத்தருகிலும் மஞ்சள் கெட்டிருக்கிறது. காட்மியம் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமடைந்து வெள்ளையான சல்ஃபேட்டாகிறது.

‘அலறல்’ பற்றி 2020இல் வெளிவந்த ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது: அங்கே பெரிய குற்றவாளி ஒளியல்ல, ஈரப்பதம். குளோரைடு மாசு கலந்த நிறமியில் ஈரம் ஏறும்போது வினை ஓடுகிறது. காற்றின் ஈரப்பதத்தை 45 விழுக்காட்டுக்கு மேல் போகவிடாமல் வைக்கச் சொன்னார்கள். கடற்கரை ஊர்களில் படம் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். விளக்கைக் குறைத்துவிட்டு ஈரத்தை விட்டுவிட்டால் இந்த நிறமிக்குப் பயனில்லை.

புற ஊதா தடுக்கும் கண்ணாடி அல்லது வார்னிஷ் போட்டால் போதுமா?

தாங்கும் நிறத்தின் ஆயுளைக் கூட்டும், தாங்காத நிறத்தைக் காப்பாற்றாது. நீலக் கம்பளி எண்களில் மேலே பார்த்தது அதுதான். ஒளிரும் வண்ணங்கள், ஃபெல்ட் பேனா, சாய மை அச்சு ஆகியவற்றுக்கு ஒரே வழி 50 லக்ஸ், அதுவும் ஆண்டில் சில வாரம் மட்டும்.

படம் வரைபவர் பிற்கால ஆய்வாளருக்கு எதை விட்டுச் செல்ல வேண்டும்?

வரைந்து முடித்த அதே நாளில், அதே கேன்வாஸின் மிச்சத் துண்டில், பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்தையும் 3 செ.மீ. அகலத்துக்குத் தனியாகவும், முக்கியக் கலவைகளை அதன் பக்கத்திலும் பூசிக் காயவிடுங்கள். கீழே நிறமிக் குறியீடு, பிணைப்பி, தேதி. அந்தத் துண்டை அமிலமில்லாத உறையில் போட்டு இருட்டில் வையுங்கள். பிற்காலத்தில் எவ்வளவு மங்கியது என்று அளக்க அதைவிடச் சிறந்த ஆதாரம் கிடையாது. ராத்கோவின் ஆறாவது கேன்வாஸ் செய்த வேலையை அது செய்யும். படத்தின் பின்புறத்தில் குறிப்பு எழுதுவதானால் கேன்வாஸ் துணியில் மார்க்கர் பேனாவால் எழுத வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். நீட்டுச் சட்டத்தின் மரத்தில் பென்சிலால் எழுதுங்கள்.